பல்லைக் கடித்தால் கண் மூடும்: ஹெரால்ட் கில்லிஸ் காட்டிய வழி

நிமிடத்துக்குச் சராசரியாக 15 முறை கண் சிமிட்டுகிறோம். முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு செயலிழக்கும்வரை யாரும் இதைக் கவனிப்பதில்லை. இமையைத் திறக்கும் தசையை இயக்குவது வேறொரு நரம்பு. அதனால் முகவாதம் வந்தவருக்குக் கண் திறக்கும், மூடத்தான் மூடாது. தூக்கத்திலும் பாதி திறந்தே கிடக்கும். கருவிழி காய்ந்து, புண்ணாகி, கடைசியில் பார்வையே போகலாம்.

இதற்கு, உணவை மெல்ல உதவும் தசையில் ஒரு பகுதியை இமைக்குக் கடன் வாங்கலாம் என்று செய்து காட்டியவர் ஹெரால்ட் கில்லிஸ்.

1882-ல் நியூசிலாந்தின் டுனெடினில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தபோது பல்கலைக்கழகத்துக்காகப் படகுப் போட்டியில் துடுப்பு போட்டவர். படித்தது காது, மூக்கு, தொண்டை மருத்துவம். முதல் உலகப்போர்தான் அவரை முகங்களின் பக்கம் திருப்பியது. 1916-ல் சோம் போரின்போது ஆல்டர்ஷாட் மருத்துவமனையில் 200 பேருக்கு இடம் தயார் செய்து வைத்திருந்தார். வந்தவர்கள் சுமார் 2,000 பேர்.

அடுத்த ஆண்டு சிட்கப்பில் முகக் காயங்களுக்கென்றே தனி மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். ஆளுக்கு இரண்டு என்று சராசரி சொல்லும். ஆனால் சராசரியை நம்பி ஏமாறக்கூடாது: சிலர் வருஷக்கணக்கில் மேஜைக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள்.

ஜட்லாண்ட் கடற்போரில் மேலிமை, கீழிமை இரண்டையும் இழந்த வால்டர் யோவுக்கு, நெஞ்சுத் தோலை எடுத்துக் கண்களைச் சுற்றிப் பொருத்தினார் கில்லிஸ். எல்லாமே வெற்றி இல்லை. தீக்காயம் பட்ட விமானி ரால்ஃப் லம்லிக்கு ஒரே தடவையில் பெரிய தோலை ஒட்ட முயன்றார். 1918-ல் லம்லி இறந்துபோனார். அவசரப்படாமல் கட்டம் கட்டமாகச் செய்யவேண்டும் என்ற பாடம் அந்த மரணத்தில் கிடைத்தது. கில்லிஸின் வாழ்க்கையில் யோவின் புகைப்படத்தைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இமை விஷயத்துக்கு வருவோம். 1934-ல் முகவாத அறுவை சிகிச்சை பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல்லைக் கடிச்சா நெற்றிப்பொட்டில் ஒரு தசை புடைக்கும், தொட்டுப் பாருங்கள். அதை இயக்குவது ஐந்தாவது நரம்பு. ஏழாவது போனாலும் இது வேலை செய்யும். அந்தத் தசையில் ஒரு கீற்றைத் திருப்பி, தசையுறைப் பட்டையால் நீட்டி, இரண்டு இமைகளுக்குள்ளும் நுழைத்து மூக்கோரம் கட்டிவிட வேண்டியதுதான். அதன்பின் பல்லைக் கடித்தால் கண் மூடும். சாப்பிடும்போதும் கண் மூடிக்கொள்ளும். அது ஒரு தொல்லை.

பெல்ஸ் பால்சி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இது தேவைப்படாது. சொட்டு மருந்தும் இரவில் கண்ணை மூடி ஒட்டும் டேப்புமாகச் சமாளித்தால், சில வாரங்களில் நரம்பு திரும்பிவிடும். தொழுநோய் கதை வேறு. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் வெகுநாள் செத்துக் கிடந்த நரம்பு திரும்பாது. கருவிழியில் உணர்வும் போயிருந்தால் தூசி விழுந்தாலே தெரியாது. இந்தியாவுக்கு இது பழைய செய்தி இல்லை: உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இங்கேதான்.

கில்லிஸிடம் பயிற்சி பெற்ற என்.எச். அந்தியா, புனேயின் கோந்த்வா தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறையை உருவாக்கினார். கில்லிஸின் தசை மாற்று முறை, வேலூர் அருகே காரிகிரி உட்படப் பல தொழுநோய் மருத்துவமனைகளில் வழக்கமானது. தொழுநோயாளிகளின் இமைக்கேற்ற திருத்தம் ஒன்று 1962-ல் வெளியானது. கில்லிஸ் அதைப் பார்க்கவில்லை. 1960-ல், 78 வயதில், ஒரு பெண்ணின் காலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. சில வாரங்களில் இறந்தார்.