கலைக்காமல் மாற்றியவர்: கண்ணியமிகு காயிதெ மில்லத்

பொன்விழாக் காணும் சங்கம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காலம் மாறிவிட்டது, இனியும் நாம் தேவைதானா? இதைவிடக் கடுமையான நேரத்தில் இக்கேள்வியைச் சந்தித்தவர் காயிதெ மில்லத் முகம்மது இஸ்மாயில் சாஹிப்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகக் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டார். தோல் வணிகத்தில் ஈடுபட்டார். 1946 முதல் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்.

பிரிவினைக்குப் பின், 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில் இயக்கத்தை இரு நாடுகளுக்கும் தனித்தனியே பிரித்தது. இந்தியாவுக்கான அமைப்பாளர் பொறுப்பு அன்னாரிடம் வந்தது. பாகிஸ்தான் கேட்ட கட்சிக்கு இந்தியாவில் இனி என்ன வேலை என்று வெளியார் கேட்டனர். கலைத்துவிடுவதே நல்லது என்று உள்ளிருந்தோர் பலரும் எண்ணினர்.

அவர் தனித்து முடிவெடுக்கவில்லை. 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை அரசு மண்டபத்தில் உறுப்பினர்களைக் கூட்டி விவாதிக்க வைத்தார். இயக்கம் தொடரும் என்று முடிவாயிற்று. பெயர் இந்தியன் யூனியன் முஸ்லிம் லீக் ஆனது. சட்டதிட்டமும் நோக்கங்களும் புதிதாயின. சமுதாயத்தின் உரிமை காக்கும் கடமை மட்டும் மாறவில்லை. அரசியல் நிர்ணய சபையிலும் அவர் குரல் அதற்காக ஒலித்தது. ஆட்சிமொழி விவாதத்தில் தமிழுக்காகவும் வாதாடினார்.

இதற்கு விலையும் இருந்தது. வடஇந்தியாவில் லீக் பெரும்பாலும் சிதறிப்போனது. கேரளத்திலும் தமிழகத்திலுமே வலுவாக வேரூன்றியது. அந்த முடிவு சரிதானா என்று இன்றும் கேட்போர் உண்டு. ஆயினும் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி இந்தத் தமிழரையே மக்களவைக்கு அனுப்பியது. நம்பிக்கை சம்பாதித்த தலைவரின் பின்னால் மாற்றமும் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. 1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தாகி, சென்னை வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

லாயாங் லாயாங்கில் நம் முன்னோர் சங்கம் கண்ட காலம் வேறு. பிழைப்புக்காக வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளின் காலம் வேறு. பழைய வழக்கங்களை அப்படியே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். பழையது என்பதற்காகவே கலைத்துவிடவும் வேண்டாம். இளையோரையும் தாய்மார்களையும் உட்காரவைத்துக் கேட்போம். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று சேர்ந்து முடிவெடுப்போம்.

அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.