டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையார்

பம்பாய் மாகாணத்தில் 1865-ம் வருஷம் பிறந்த ஆனந்திபாய் அம்மையார், 9-ம் பிராயத்திலேயே கோபாலராவ் ஜோஷியாருக்கு மணம் செய்விக்கப்பெற்றார். 14-ம் பிராயத்தில் ஈன்ற மகவு, தக்க வைத்திய உதவியின்றிப் பத்தே நாளில் மாண்டது. அத்துயரே அவரை வைத்தியக் கல்வியின்பாற் செலுத்திற்று.

கடல் கடத்தல் ஆசாரக்கேடெனப் பலர் தூற்றவும், 1883-ல் கணவரைப் பிரிந்து கல்கத்தாவிற் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தார். பிலடெல்பியா நகரத்து மாதர் வைத்தியக் கல்லூரியிற் பயின்று, இந்துக்களின் பிரசவ முறைகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்து, 1886 மார்ச்சு மாதத்தில் பட்டம் பெற்றார். அங்கும் புடவையையும் மரக்கறி உணவையும் அவர் கைவிட்டாரல்லர்.

கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் மாதர் பகுதிக்கு வைத்தியராக நியமனம் பெற்றும், க்ஷயரோகத்தால் அவ்வேலையை நடத்தும் பேறின்றி, 1887 பிப்ரவரி 26-ல், 22 வயது நிரம்புமுன் பூனாவிற் காலமானார்.

அவர் கல்வி வீணாயிற்றென யாம் கருதோம். பின்வந்த மாதர்க்கு அவரே வழி திறந்தார். எனினும், மக்களை அயல்நாடு அனுப்பும் பெற்றோர் கல்விச் செலவோடு அவர்தம் உடல்நலத்திற்கும் வகை செய்தல் வேண்டுமென்பதை இச்சரிதத்தால் யாம் உணர்கின்றோம்.