வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (ஏறத்தாழ 1753 - ஜனவரி 20, 1823) தென்னிந்தியாவை முக்கோணவியல் முறையில் அளந்த ஆங்கிலேயப் படை அதிகாரி ஆவார். இவர் தொடங்கிய பணி 1818 இல் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை எனப் பெயர் பெற்றது. சேலம், நாமக்கல் சமவெளிகள் உட்படத் தென்னாட்டின் ஊர்களும் கடற்கரைகளும் நிலப்படத்தில் தமக்குரிய இடத்தைப் பெற இப்பணியே அடிப்படையாயிற்று.

இளமை

இவர் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 1781 இல் படை அதிகாரியானார். அமெரிக்க விடுதலைப் போரில் சிறைப்பட்டு, விடுதலையான பின் நியூ பிரன்சுவிக்கில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அக்காலத்தில் கணிதத்தையும் வானியலையும் ஆழ்ந்து பயின்றார். பின்னர் 33 ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து இந்தியா வந்தார்.

திசையறிதல்

1799 இல், நான்காம் மைசூர்ப் போரின்போது, சீரங்கப்பட்டணத்தின் அருகே தளபதி பெயர்டு தலைமையில் ஒரு படை இரவில் சென்றது. வடக்கே செல்லவேண்டிய படை தெற்கே, திப்பு சுல்தானின் பாசறையை நோக்கிச் செல்வதை லாம்டன் விண்மீன்களைக் கொண்டு அறிந்து எச்சரித்தார். தளபதி முதலில் ஏற்கவில்லை. சட்டைப்பைத் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்டன் கூறியதே சரியெனத் தெரிந்தது, படை திரும்பிற்று.

மாலுமிகள் திசைகாட்டியின் வட்டத்தை 32 புள்ளிகளாகப் பகுப்பர். ஒரு புள்ளி 11.25 பாகை ஆகும். ஆனால் காந்த ஊசி பெரும்பாலும் உண்மை வடக்கிலிருந்து விலகியே நிற்கும். அவ்விலகல் இடத்துக்கு இடம் மாறும். நில அளவைக்கு இந்நுட்பம் போதாது. எனவே லாம்டன் துருவ விண்மீனை நோக்கி உண்மை வடக்கைக் கணித்தார்.

அளவைப் பணி

ஏப்ரல் 10, 1802 அன்று பரங்கிமலை அருகே ஏறத்தாழ 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து மங்களூர் வரை முக்கோணங்களை அமைத்தபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய படங்களில் காட்டப்பட்ட 400 மைல் அன்று, ஏறத்தாழ 360 மைலே என்பது தெரியவந்தது. கரையின் இருப்பிடத்தை நம்பிக் கப்பல் செலுத்துவோருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

பின்னர் குன்றுகளையும் கோயில் கோபுரங்களையும் அளவை நிலையங்களாகக் கொண்டு, தென்னாடு முழுவதும் முக்கோண வலை விரிந்தது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி (தியோடலைட்) சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் கூடாரத்தில் தங்கி அதைத் தாமே சீர்செய்தார்.

மறைவு

1817 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். குமரிமுனைப் பகுதியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 பாகை நீளத்துக்கு நெடுவரை வில்லை அளந்து முடித்த நிலையில், இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். பணியை இவரது உதவியாளர் ஜார்ஜ் எவரெசுட்டு தொடர்ந்தார். உலகின் மிக உயர்ந்த சிகரம் எவரெசுட்டின் பெயரைத் தாங்குகிறது. முதல் அடிக்கோட்டை அளந்த லாம்டன் பொதுமக்களால் அதிகம் அறியப்படவில்லை.