செஞ்சி கொண்ட பரிவீரன்

வேலிகளையும் நீர்த்தடைகளையும் குதிரைமேல் அமர்ந்து தாண்டி வெற்றி கொள்வோர்க்கு இன்று உலக அரங்கிற் பதக்கமும் பாராட்டும் கிடைக்கின்றன. அத்தகைய பந்தயக் களங்கள் தோன்றுமுன்னரே, வெள்ளம் புரண்ட ஆற்றிற் பரியைச் செலுத்திப் புகழ்கொண்ட இளைஞன் ஒருவனைத் தமிழ்நாடு அறியும். செஞ்சி மன்னன் தேசிங்கே அவன்.

தேசிங்கு தமிழ்க் குடியிற் பிறந்தவன் அல்லன். வடநாட்டுப் பந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திர மரபினன். தேஜ்சிங் என்பது அவன் இயற்பெயர். 1698-இல் மொகலாயர் செஞ்சிக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் அதன் காவற்பொறுப்பை ஔரங்கசீப் தேசிங்கின் தந்தை சொரூப்சிங்குக்கு அளித்தார். தந்தை இறந்தபின், 1714-இல், ஏறக்குறைய இருபத்திரண்டு வயதில் தேசிங்கு செஞ்சிக்கு அதிபனானான்.

அவன் இளமையை வரலாற்று ஏடுகளைவிட நாட்டுப்புறக் கதைப்பாடலே விரித்துரைக்கிறது. தில்லி அரண்மனையில் எவர்க்கும் அடங்காத பரியொன்று இருந்ததாம். அதனை அடக்க இயலாது தந்தை சிறைப்பட்டார். சிறுவன் தேசிங்கு அதன்மேலேறி அடக்கித் தந்தையை மீட்டான். அப்பரியையே பரிசாகவும் பெற்றான். பாராசாரி என்னும் அக்குதிரையின் பெயர், அவன் பெயரோடு பிரியாது வழங்கி வருகிறது.

ஆட்சி ஏற்ற சில திங்களிலேயே சோதனை வந்தது. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் செலுத்தப்படாத கப்பத்தைக் கேட்டார். பேரரசரின் ஆணையால் தன் தந்தைக்குக் கிட்டிய உரிமை தனக்கும் உண்டென்று தேசிங்கு பணிய மறுத்தான். நவாபின் பெரும்படை செஞ்சியை நோக்கி வந்தது. தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான் தன் மணக்கோலத்தையும் துறந்து போர்க்களம் புகுந்தான் என்று கதைப்பாடல் கூறும்.

1714 அக்டோபர் 3-ஆம் நாள். ஆற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. வெள்ளம் வடியக் காத்திராமல் தேசிங்கு பரியோடு நீரிற் பாய்ந்து கரையேறினான். உடன் கடக்க முடிந்தவர் சிலரே. கடலி என்னும் ஊரருகே நிகழ்ந்த போரில் மகபத்கான் வீழ்ந்தான்; தேசிங்கும் மாண்டான். அவன் ஆட்சி ஓராண்டும் நிரம்பவில்லை. பகைவராயினும் நவாபு, அவன் உடலுக்கு அரச மரியாதையுடன் ஈமக்கடன் செய்வித்தார்.

கப்பக் கணக்கில் நியாயம் எவர் பக்கம் என்பதை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். காத்திருந்தாற் படை முழுதும் உடன் வந்திருக்கும் என்று அவன் அவசரத்தைக் குறை கூறுவாரும் உளர். ஆயினும், அவன் பிறந்த குடியையும் பேசிய மொழியையும் தமிழ் மக்கள் வினவினாரல்லர். தம் மண்ணிற் குருதி சிந்தியவனைத் தம்மவனாகவே கொண்டு, தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் வாழவைத்தனர். இந்துவாகிய அவனோடு இசுலாமியத் தோழனையும் ஒருங்கே வைத்துப் போற்றினர்.

கடல் கடந்து வந்து லம்பா லைனிற் குடியமர்ந்த நமக்கு இவ்வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. வடக்கிலிருந்து வந்தவனைச் செஞ்சி மண் தன் மகனாக ஏற்றது. பல மொழியினரும் பல சமயத்தினரும் அண்டை வீட்டினராய் வாழும் இத்தீவு மண்ணும், உழைப்பாலும் நட்பாலும் உரிமை கொள்வோரைத் தன்னவர் என்றே கொள்ளும். இவ்வாண்டு விழாவிற் கூடும் நம் சிறுவர்க்குத் தேசிங்கின் கதையைச் சொல்லுங்கால், பாராசாரியின் வேகத்தோடு மகபத்கானின் நட்பையும் மறவாது சொல்வோமாக.