மாண்டிசோரி: பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு மருத்துவர்

பாலர் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லை அடிக்கடி பார்த்திருப்பீங்க. அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பது தெரியுமா?

மரியா மாண்டிசோரி இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை அவர் எங்கே கழித்தார்? சென்னையிலும் கொடைக்கானலிலும்!

யார் இவங்க?

1870ஆம் ஆண்டு இத்தாலியின் கியாரவாலே ஊரில் பிறந்தார் மரியா. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவரான முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

ஆண்களோடு சேர்ந்து உடற்கூறு படிக்க அவருக்கு அனுமதி இல்லை. மற்ற மாணவர்கள் போன பிறகு, தனியாக இருந்து படித்தார்.

பட்டம் பெற்றதும் மனநல மருத்துவமனைகளுக்குச் சென்றார். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு மருந்தைவிடக் கல்விதான் அதிகம் தேவை என்ற முடிவுக்கு வந்தார். கையால் தொட்டு, எடுத்து, பொருத்திப் பழகும் பொருள்களை அவர்களுக்காக உருவாக்கினார்.

1907இல் என்ன நடந்தது?

ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனதும், பிள்ளைகள் சும்மா சுற்றிக் கட்டடத்தைப் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கட்டட நிறுவனத்தின் கவலை. பொறுப்பு மரியாவிடம் வந்தது.

1907 ஜனவரி 6ஆம் தேதி, சுமார் 50 பிள்ளைகளோடு சிறுவர் இல்லம் திறந்தது.

மரியா அங்கே பாடம் நடத்தவில்லை. கவனித்தார், குறிப்பெடுத்தார். ஒரு சிறுமி மர உருளைகளைத் துளைகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் மற்ற பிள்ளைகள் பாடியும் அவள் கவனம் சிதறவில்லை. அழகான பொம்மைகளைத் தொடாத பிள்ளைகள், நிஜமான வேலைகளைத் தேடிப் போனார்கள். பரிசு கொடுத்தாலும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதிலிருந்து அவர் புரிந்துகொண்டது இதுதான்: பிள்ளை தானாகவே கற்கும். ஏற்ற சூழலை அமைத்துவிட்டு, தேவையில்லாமல் குறுக்கிடாமல் இருப்பதே பெரியவரின் வேலை.

பெரியவர்களுக்கு எதற்குப் பயிற்சி?

கேட்க எளிது, செய்வதுதான் கடினம். பிள்ளை தடுமாறும்போது உடனே ஓடிப்போய்ச் செய்து கொடுக்கத்தான் பெரியவர்களின் கை நீளும். அதனால் பள்ளி திறப்பதைவிட, பள்ளியை நடத்துபவர்களைத் தயார்படுத்துவதில் மரியா வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார்.

முதல் பயிற்சி வகுப்பு 1909இல் நடந்தது. 1913இல் ரோமில் அனைத்துலக வகுப்பு. 1929இல் மகன் மாரியோவோடு சேர்ந்து அனைத்துலக மாண்டிசோரி சங்கத்தைத் தொடங்கினார்.

மறைக்கப்பட்ட மகன்

1898இல் மாரியோ பிறந்தபோது மரியாவுக்குத் திருமணம் ஆகவில்லை. வெளியே தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும் காலம் அது. கிராமத்துக் குடும்பம் ஒன்று குழந்தையை வளர்த்தது. பதின்ம வயதில்தான் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் உலகத்துக்கு அவர் வெறும் உறவினர்தான். ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பேசிய தாய், தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல முடியாத நிலை.

முசோலினியோடு உறவு

இன்றும் விமர்சிக்கப்படும் பகுதி இது. 1924 முதல் முசோலினியின் அரசாங்கம் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. மரியாவும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். ஆனால் பள்ளிகளைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர அரசு முயன்றபோது உரசல் முற்றியது. 1934இல் உறவு முறிந்தது. மரியா இத்தாலியை விட்டு வெளியேறினார். நாஜி ஜெர்மனியும் மாண்டிசோரி பள்ளிகளை மூடியது. ஸ்பெயினில் இருந்தவரை 1936இல் உள்நாட்டுப் போர் விரட்டியது.

சென்னைக்கு வந்தது எப்படி?

1939இல் அடையாறு பிரம்மஞான சபை பயிற்சி நடத்த அழைத்தது. 300க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த தாயும் மகனும் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். மரியா சபை வளாகத்தை விட்டு வெளியேற முடியவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி அவருக்கு 70 வயது. வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மாரியோவை விடுவிப்பதாக அதில் இருந்தது. உறவினர் என்று அல்ல, மகன் என்றே குறிப்பிட்டிருந்தது.

பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான கல்வித் திட்டம் அங்கேதான் வளர்ந்தது. செடி, பூச்சி, பாறை என இயற்கையிலிருந்து தொடங்கி, எல்லாம் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கிறது என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கும் முறை அது. 1946இல் ஐரோப்பா திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்திருந்தார்.

1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் நோபெல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தில் காலமானார். மாரியோ தன் மகன் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். 1982இல் இறக்கும் வரை சங்கத்தை வழிநடத்தியவர் அந்த மகன்தான்.

அப்போ, பலகையை நம்பலாமா?

மாண்டிசோரி என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். தம்பி தங்கைக்கோ உங்கள் பிள்ளைக்கோ பள்ளி தேடுகிறீர்களா? ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள். முடிந்தால் வகுப்பறையில் 10 நிமிடம் உட்காருங்கள். பிள்ளை தடுமாறும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்.