தந்தை செல்வா: அறப்போர் எழுப்பிய வினா

பொதுவீதியிலே அமைதியாக அமர்ந்திருக்கும் மக்கள்மீது காவலன் ஒருவன் தடியை ஓங்குவானாயின், அந்த அடிக்குப் பொறுப்பாளி யார்? ஓங்கிய கையா, பணித்த வாயா, அறிந்தும் வாளாவிருந்த ஆட்சியா? ஈழத்துத் தமிழர் வரலாற்றிலே இவ்வினாவைத் தம் அரசியல் வாழ்வு முழுவதும் சுமந்து நடந்தவர் ஒருவர் உண்டு. விடை பெறாமலே மறைந்தவரும் அவரே. தந்தை செல்வா என்று நாம் அன்புடன் அழைக்கும் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் அவர்களின் வாழ்வை இக்கோணத்தினின்றும் நோக்குதல் பயனுடைத்து.

1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்த செல்வநாயகம், குழந்தைப் பருவத்திலேயே தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், கொழும்பு சென் தோமஸ் கல்லூரியிலும் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின்னர் வழக்கறிஞராகிக் குடியியல் வழக்குகளிலே பெரும்புகழ் ஈட்டினார். மெலிந்த உடல், மெலிந்த குரல், மேடையை அதிரவைக்கும் ஆற்றல் அவரிடம் இருந்ததில்லை. சான்றின்றி ஒரு சொல்லும் சொல்லாத நீதிமன்றப் பழக்கம் ஒன்றே அவருடைய சொத்து.

1947இலே காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்த அவர், மலையகத் தமிழரின் உரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் காரணமாகத் தமிழ்க் காங்கிரசினின்றும் பிரிந்தார். 1949 டிசம்பர் 18ஆந் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. 1952இலே தம் தொகுதியை இழந்தபோதும் கொள்கையை இழந்தாரில்லை. 1956இலே மீண்டும் வென்று வந்தார்.

அவ்வாண்டு ஜூன் 5ஆந் திகதி சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்திற்கு வந்தது. செல்வநாயகமும் தோழரும் ஏறத்தாழ இருநூறு பேர், பாராளுமன்றத்தை அடுத்த காலிமுகத் திடலிலே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். குண்டர் கூட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. பொலிசார் அருகிலிருந்தனர்; ஆயினும் தடுத்தாரில்லை. தலையிலே காயமுற்ற அமிர்தலிங்கம் அக்கோலத்துடனேயே சபைக்குட் சென்றார். அன்று பொலிசார் தடியெடுத்து அடித்தவரல்லர். எனினும், காக்கும் கடமை பூண்டவன் கைகட்டி நிற்பதும் அடிப்பதன் இன்னொரு வடிவமே என்பதை அத்திடல் காட்டிற்று.

1957 ஜூலையிலே பிரதமர் பண்டாரநாயக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் மறு ஆண்டு ஏப்ரலிலே கிழிபட்டது. அடுத்து என் செய்வது என்று முடிவு காணக் கட்சி கூடிய இடம் வன்னியின் வாசலாகிய வவுனியா. 1958 மே மாதத்திலே, அம்மகாநாட்டுக்குச் செல்வோரைத் தேடி ரயில்கள் தாக்கப்பட்டன. பொலநறுவையிலே பயணிகள் அடிபட்டனர்; மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட வண்டி ஏறாவூருக்கு அருகே கவிழ்க்கப்பட்டது. வவுனியாவிலே கூடியோர் மீண்டும் அறப்போர் தொடுக்கத் தீர்மானித்தனர். அதற்குள் தென்னிலங்கை எங்கும் கலவரம் மூண்டது. அவசரகால நிலை மே 27ஆந் திகதியே பிரகடனமாயிற்று. காலந்தாழ்ந்து வந்த அச்சட்டம் கலகக்காரரை அடக்கியதோடு நில்லாது, வன்முறையை நாடாத செல்வநாயகத்தையும் வீட்டுக் காவலில் வைத்தது.

அவர் வாழ்வின் உச்சம் 1961. பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. முதல் நாளே பொலிசார் தொண்டர்களைக் கையையும் காலையும் பிடித்து இழுத்தனர். குண்டாந்தடி கொண்டு தாக்கினர். பாராளுமன்ற உறுப்பினரும் தப்பினாரில்லர். அடிபட்டவர் எழுந்து மீண்டும் அதேயிடத்தில் அமர்ந்தனர். மறுநாள் கூட்டம் பெருகிற்று. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா ஆகிய கச்சேரிகளின் வாயில்களுக்கும் போராட்டம் பரவிற்று.

வன்னி மக்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை இன்றைய மாணவர் அறிதல் வேண்டும். அக்காலத்திலே முல்லைத்தீவு தனி மாவட்டமன்று, வவுனியாவைச் சேர்ந்தது. கிளிநொச்சியோ யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. 1984இலேதான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே காணியுறுதியோ, விவசாய உதவியோ வேண்டிய வன்னிக் கமக்காரன் நாடியவை இவ்விரு கச்சேரிகளே. அவற்றின் வாயில் மூடியபோது முதலில் இடருற்றவனும் அவனே.

இதனைக் குறையாகக் கூறுவோர் அன்றும் இருந்தனர். ஏழை மக்களின் அலுவலை நிறுத்துவது அறமாகுமா என்று கேட்டனர். ஏப்ரல் 14ஆந் திகதி தமிழரசுத் தபால் சேவையைத் தொடங்கி முத்திரை வெளியிட்டமை, அரசாங்கம் தேடிக்கொண்டிருந்த காரணத்தை அதன் கையிலேயே கொடுத்ததாகும் என்றும் சொல்லினர். இவ்வாதங்களை முற்றாகத் தள்ளுதல் முறையன்று. ஆயினும், சட்டத்தை மீறியவன் அடிக்கத் தக்கவன் ஆகிவிடுவதில்லை. அவனைக் கைதுசெய்து நீதிமன்றில் நிறுத்தலாம், அங்கே வழக்குரைக்கலாம். தண்டனை விதிப்பது நீதவானின் தொழில், காவலனின் தொழிலன்று. வழக்கறிஞராகிய செல்வநாயகம் கைதுக்கு அஞ்சினாரல்லர், கைதாகவே ஆயத்தமாயிருந்தார்.

நீதிமன்றம் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஏப்ரல் 17ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அன்றிரவு விடியுமுன்னரே இராணுவத்தினர் கச்சேரி வாயிலிலே அமர்ந்திருந்தோரை அடித்து அகற்றினர். அறுபத்து மூன்று வயதினரான செல்வநாயகம் பனாகொடை இராணுவ முகாமிலே ஒக்டோபர் வரை விசாரணையின்றி வைக்கப்பட்டார். அடித்தவர் எவரும் மன்றேறவில்லை, அடிபட்டவரே சிறையேறினர்.

சத்தியாக்கிரகம் என்பது ஒருவகை நம்பிக்கை. அடிக்கிறவனுக்கு மனச்சாட்சி உண்டு. இன்றேல் அவனுக்கு மேலே சட்டம் உண்டு. அதுவும் இன்றேல் நாட்டுமக்களின் நீதியுணர்வு உண்டு என்னும் நம்பிக்கை. இம்மூன்றும் கைவிடுமாயின், அடிவாங்குவோன் வெறும் இலக்காகிவிடுகிறான். இந்த நம்பிக்கையைச் செல்வநாயகம் விடவில்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்பதை நிறுவ, அவ்வாண்டு ஒக்டோபரிலே தம் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலில் மோதுமாறு அரசாங்கத்தை அறைகூவினார். இரண்டாண்டுக்கு மேலாக அத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1975 பெப்ரவரியிலே நடந்தபோது 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார்.

அவ்விடைக்காலத்திலே, 1974 ஜனவரி 10ஆந் திகதி, நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதிநாட் பொதுக்கூட்டம் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்றிலே நடந்தது. திருச்சிப் பேராசிரியர் நைனா முகம்மது உரையாற்றிக்கொண்டிருந்த வேளை பொலிசார் கூட்டத்துட் புகுந்தனர்; கண்ணீர்ப்புகை வீசினர்; துப்பாக்கி வெடித்தது; மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. தமிழ்ச் சுவை நுகர வந்தோருள் ஒன்பதின்மர் உயிரிழந்தனர்.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க மறுத்தது. ஆகவே குடிமக்களே ஒன்றை அமைத்தனர். உயர்நீதிமன்ற நீதியரசர்களாயிருந்து ஓய்வுபெற்ற டி கிரெட்சர், மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் அதிலிருந்தனர். நிராயுதபாணிகளான மக்கள்மீது பொலிசார் நடத்திய தாக்குதல் தேவையற்றது என்று அக்குழு கண்டது. உண்மை காணும் திறமை அதற்கிருந்தது. அதிகாரியை அழைக்கும் ஆணையோ, தண்டிக்கும் ஆற்றலோ இருக்கவில்லை. அறிக்கை அச்சேறிற்று, நடவடிக்கை தொடரவில்லை.

இதன் விளைவு கொடிதாயிற்று. மறு ஆண்டு ஜூலை 27ஆந் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். ஜனவரிச் சம்பவத்தின் பழியை இளைஞர் சிலர் எந்த மன்றமும் விசாரியாமலே அவர்மீது சுமத்தியிருந்தனர். நீதிமன்றம் மௌனமான இடத்திலே வதந்தி தீர்ப்பாயிற்று, சுடுகலன் தண்டனையாயிற்று. அறவழியை ஒழித்தவர் ஆயுதம் எடுத்தவர் மட்டுமல்லர். தடியடிக்கு விடைகூற மறுத்தவரும் அதிலே பங்காளிகளே.

நடுக்குவாத நோயால் நலிந்திருந்த செல்வநாயகம் 1977 ஏப்ரல் 26ஆந் திகதி காலமானார். யாழ்ப்பாணம் முற்றவெளியிலே அவருடைய நினைவுத்தூண் நிற்கிறது. 1974இலே மாண்டோரின் நினைவுச்சின்னமும் அதற்கு அணித்தே உள்ளது. வினாவும் வினவியவரும் அருகருகே நிற்கின்றனர் எனலாம்.

அவ்வினா வன்னியிலே இன்னும் ஓயவில்லை. போரிலே காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியிலே தொடர்போராட்டம் தொடங்கிய நாள் 2017 பெப்ரவரி 20. ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கச்சேரி வாயிலிலே அறப்போர் தொடங்கிய அதே திகதி. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் அவ்வாறே அமர்ந்தனர். 2024 மார்ச் 8ஆந் திகதி, சிவராத்திரி இரவிலே, வவுனியா வடக்கு வெடுக்குநாறி மலையிலே வழிபட்டோரைப் பொலிசார் பலவந்தமாக அகற்றி எண்மரைக் கைதுசெய்தனர். மார்ச் 19ஆந் திகதி வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கைதானவர் நீதிமன்றம் ஏறி மீண்டனர். கைதுசெய்தவர் எங்கே விடைகூறுவது?

2001ஆம் ஆண்டின் பதினேழாவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைத் தந்தது. காவலர்மீது குடிமக்கள் முறையிடும் வழி ஏட்டிலே உண்டு. அவ்வழி வீதியிலே அமர்ந்திருக்கும் ஒரு தாய்க்கு எட்டுமளவு திறக்கும் நாளிலேதான், தந்தை செல்வாவின் அறப்போருக்கு விடை கிடைத்தது என்று நாம் கூற இயலும்.