ஆரூடக்காரர்களிடம் கணக்குக் கேட்டவர்

பங்கு விலை ஏறும், இறங்கும் என்று ஆரூடம் சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. சொன்னதில் எத்தனை பலித்தது என்று பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர் அமெரிக்கரான ஆல்பிரட் கௌல்ஸ்.

1891-ல் சிகாகோவில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். காசநோய் பீடிக்கவே கொலராடோ மலைப் பிரதேசத்தில் குடியேறினார். அங்கிருந்தே குடும்ப முதலீட்டைக் கவனித்தவர், சந்தை ஆலோசனை ஏடுகள் பலவற்றுக்குச் சந்தா கட்டினார். 1929-ல் நியூயார்க் சந்தை சரிந்தது. அந்த ஏடுகளால் என்ன பயன் என்ற கேள்வி அவர் மனதில் எழுந்தது.

1932-ல் சொந்தப் பணத்தில் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். 16 ஆலோசனை நிறுவனங்கள் 1928 முதல் 1932 வரை கொடுத்த சுமார் 7,500 யோசனைகளைச் சரிபார்த்து, மறு ஆண்டில் முடிவை வெளியிட்டார். சராசரிப் பங்கைவிட அந்த யோசனைகள் ஆண்டுக்கு 1.43 சதவீதம் பின்தங்கியிருந்தன!

நாலைந்து வருஷக் கணக்கு மட்டும் போதுமா? 1871 முதல் 1937 வரையிலான நியூயார்க் பங்கு விலைகளை மாதவாரியாகத் திரட்டி, 1938-ல் நூலாக்கினார். டிவிடெண்டையும் சேர்த்தார், அதை விட்டால் முதலீட்டின் உண்மை லாபம் தெரியாது. 1944-ல் மறுபடி சோதித்தார். ஆரூடத் திறமைக்கு அப்போதும் சான்று கிடைக்கவில்லை.

1984-ல், 93-ஆம் வயதில் காலமானார். அவர் திரட்டிய விலைப் பட்டியலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைச் சந்தையில் போடுமுன், யோசனை சொல்பவரிடம் பழைய கணக்கைக் கேட்போம். டிவிடெண்டு சேர்ந்ததா, நஷ்டமும் அதில் பதிவானதா என்று பார்ப்போம்.